நாய்க்கு ஆகாத கொட்டை

"இது நாய்க்கு ஆகுமாங்க?"

அவள் கேட்டதும் நர்சரிக்காரர் பாக்கியநாதன் கையிலிருந்த செடியைக் கீழே வைத்துவிட்டார்.

ஏற்காட்டுக் குளிருக்கு அது நன்றாகவே தழைத்திருந்தது. பக்கத்தில் தாய்மரம். அடியில் கோலிக்குண்டு மாதிரி பழுப்புக் கொட்டைகள் உதிர்ந்து கிடந்தன. மக்கடாமியாவாம். பேரே வாயில் நுழையவில்லை.

"நமக்கு முந்திரியவிட ருசிங்க. நாய்க்கு மட்டும் ஆகாது. நாய் வளக்குறீங்களா?"

முன்பு வளர்த்தாள். அதை அவரிடம் சொல்லவில்லை.

"தின்னா செத்துருமா?"

"சேச்சே! நாலஞ்சு தின்னா பின்னங்கால் விழுந்துரும். வாந்தி எடுக்கும், நடுங்கும். மறுநாளோ அதுக்கு மறுநாளோ தானா எந்திரிச்சுக்கும். ஆனா பாக்குறவங்களுக்கு உசுரே போயிரும். வேணாம்மா. கொய்யாக் கன்னு தர்றேன், எடுத்துட்டுப் போங்க."

நல்ல மனிதர். அவளுடைய நாய்க்காகப் பயந்தார்.

அவள் செடியை வாங்கவில்லை. காய்க்க வருஷக்கணக்கில் ஆகுமாம். அதுவரை பொறுக்க அவளால் ஆகாது. ருசி பார்க்க என்று கொஞ்சம் கொட்டை மட்டும் கேட்டு வாங்கி, முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பார்க்கிறவர்களுக்கு உயிரே போய்விடும்.

அதுதான் வேண்டும் அவளுக்கு.

*

அடுத்த வீட்டு ரத்தினசபாபதி பேங்க்கில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். உன் நாய் குரைத்து என் தூக்கமே போகிறது என்று வேலிக்கு மேல் தலையை நீட்டிச் சொன்னவர்.

சொன்ன சூட்டோடு அவள் நாய் செவலை போனது.

வேலி இடுக்கு வழியே அவர் தோட்டத்திலிருந்து பின்னங்காலை இழுத்து இழுத்து வந்தது. அவள் வாசற்படியில் விழுந்தது. அவள் மடியிலேயே துடித்து அடங்கியது. அந்த வீட்டில் அவள் பேச்சுக்குக் காது கொடுக்க இருந்தது அது ஒன்றுதான்.

யாரிடமும் அவள் எதையும் சொல்லவில்லை. தானே குழி தோண்டினாள். பாம்பு கடித்திருக்கும் என்றது தெரு.

அவரும் வந்தார். "நான் சேலத்துல இருந்தேன்மா. இப்பத்தான் கேள்விப்பட்டேன். நாய்தானே, விடு. வேற ஒண்ணு வாங்கிக்கலாம்."

நாய்தானே!

அந்த வாயில் புழு விழ.

அவர்தான் என்று அவள் மனசு அடித்துச் சொன்னது. மனசைக் கொண்டுபோய் போலீஸ் ஸ்டேஷனில் காட்ட முடியுமா?

செவலை போனதும் அவர் தோட்டத்துக் காப்பிப் பழத்தை யாரோ களவாடிக்கொண்டு போனார்கள். குரைக்க ஆளில்லை. உடனே ஒரு லாப்ரடாரை வாங்கி வந்தார். சீசர் என்று பேர். "என் தங்கம், என் ராஜா" என்று அதைக் கொஞ்சுவது அவள் அடுப்படி வரைக்கும் கேட்டது. கேட்கக் கேட்க வயிறு பற்றி எரிந்தது.

*

கொட்டையின் ஓடு லேசில் உடையவில்லை. அம்மிக்குழவியால் அடித்தால் நழுவி ஓடியது. கடைசியில் வாசல் கதவின் கீல் இடுக்கில் வைத்துக் கதவை நெரித்தாள்.

டப்.

உள்ளே வெள்ளைப் பருப்பு. ஒன்றைத் தின்று பார்த்தாள். ருசியாகத்தான் இருந்தது.

அதே வேலி இடுக்கு வழியே சீசர் வந்தது. கையிலிருந்ததைத் தின்றது. தின்றுவிட்டுக் கையையும் நக்கியது.

அதன் மேல் அவளுக்குக் கோபமே இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"நீ சாகமாட்டடா," என்றாள்.

*

சாயங்காலம் அவர் நாயைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். காலில் செருப்பில்லை.

"அம்மா! கொஞ்சம் பாரும்மா. மத்தியானம்கூட நல்லாத்தான் இருந்தான். இப்ப எந்திரிக்க மாட்டேங்கிறான். டாக்டர் ஊர்ல இல்லியாம். உன் நாய்க்கும் இப்படித்தானே? முதல்ல பின்னங்கால்தானே போச்சு? வேலியோரமா இழுத்துக்கிட்டே போச்சே... எவ்வளவு நேரம்மா தாங்குச்சு அது?"

அவள் அவரையே பார்த்தாள்.

சேலத்தில் இருந்தவர்.

அவர் சொன்னது அவர் காதிலேயே விழவில்லை. நாயின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"பொழைச்சுக்குமாம்மா?"

பிழைத்துக்கொள்ளும். ஒரு வார்த்தை போதும். நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"நாய்தானே சார், விடுங்க. வேற ஒண்ணு வாங்கிக்கலாம்."

கதவைச் சாத்தினாள்.

சீசர், சீசர் என்று அவர் அழுவது வேலிக்கு அப்பாலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தது. செவலை போன பிறகு அன்றுதான் அவள் நன்றாகத் தூங்கினாள்.

*

மறுநாள் வெயில் ஏறிய பிறகு வேலி இடுக்கில் மூக்கு தெரிந்தது.

சீசர் தள்ளாடித் தள்ளாடி வந்தது. நேரே அவள் வாசற்படிக்கு. வாலை ஆட்டியது. அவள் கையை மோந்தது. பிறகு கதவுக் கீலடியில் சிதறிக் கிடந்த ஓடுகளை மோந்தது.

"வேணாம்டா. போதும்." முகத்தைப் பிடித்து மெல்லத் தள்ளினாள்.

நிமிர்ந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் ரத்தினசபாபதி நின்றிருந்தார். நாயைப் பார்த்தார். ஓடுகளைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

முகம் சிவந்தது. வாய் திறந்தது.

கேட்கலாம். கேட்டால் பதிலுக்கு அவளும் ஒன்று கேட்பாள். செவலை காலை இழுத்துக்கொண்டு போனதைச் சேலத்தில் இருந்துகொண்டு எப்படிப் பார்த்தீர்கள் என்று கேட்பாள்.

அவருக்கு அது இப்போதுதான் உறைத்தது போலிருந்தது. சிவந்த முகம் வெளுத்தது.

"கேளுங்க சார்," என்றாள் அவள்.

சீசரைக்கூடக் கூப்பிடாமல் அவர் திரும்பி வீட்டுக்குள் போனார்.