அங்க அடையாளம்

"கஜபதி ஊடு இதானே?"

வாசலில் குரல் கேட்டதும் உள்ளே படுத்திருந்த கஜபதி போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வந்து படுத்த உடம்பு. பகலில் யார் வந்தாலும் அவருக்கு ஆகாது.

"அவர்கூட பதினொண்ணாவது படிச்சவம்மா. பேரு லட்சுமணன். பூந்தமல்லிலேர்ந்து வரேன்" என்றது குரல்.

கஜபதிக்குத் தூக்கம் போய்விட்டது.

மனைவி ராணி வந்து உலுக்கினாள். "எய்ந்திரிய்யா. உன்கூட படிச்சவராம். கல்யாணமாயி இத்தினி வருசத்துல ஒர்த்தர்கூட உன்ன தேடிகினு வந்ததில்ல."

வந்ததில்லைதான். எப்படி வருவார்கள்? கஜபதி எட்டாவதோடு நின்றவர். அப்போது அவர் பெயர் துலுக்கானம்.

அவருடைய மாமா ஒரு ஹைஸ்கூலில் பியூனாக இருந்தார். அங்கே கஜபதி என்று ஒரு பையன் பதினொண்ணாவது பாஸ் செய்துவிட்டு, எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைக்கூட வாங்காமல் பம்பாய்க்கு ஓடிப்போனான். இரண்டு வருடம் அலமாரியில் கிடந்த புத்தகத்தை மாமா சட்டைக்குள் வைத்து எடுத்து வந்துவிட்டார். போட்டோ ஒட்டாத காலம். அங்க அடையாளம் மட்டும் எழுதியிருந்தது: இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. அதற்கு ஒரு பிளேடு போதுமானதாக இருந்தது.

அப்புறம் இருபத்திரண்டு வருட சர்வீஸ். ஃபாக்டரியிலும் கஜபதி, ரேஷன் கார்டிலும் கஜபதி. துலுக்கானம் என்பது வீட்டில் கூப்பிடும் பெயர் என்றுதான் ராணியே நம்பிக்கொண்டிருக்கிறாள். அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம். வந்திருப்பவன் வெளியே போய் ஒரு வார்த்தை சொன்னால் வேலை போகும், குவார்ட்டர்ஸ் போகும், சம்பந்தமும் போகும். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். இவருக்கு வீட்டுக்குள்ளேயே பயம்.

வெளியே வந்தபோது லட்சுமணன் கதவிலிருந்த பெயர்ப் பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். 'வீ. கஜபதி, ஃபிட்டர்.' படித்து முடித்தும் பார்வையை எடுக்கவில்லை. தலையில் சுற்றிய அழுக்குத் துண்டு புருவம்வரை இறங்கியிருந்தது. மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறாராம்.

"பதினொண்ணாவது படிச்சிட்டா மூட்ட தூக்குறீங்க?" என்றாள் ராணி.

"படிச்சவன்னு சொன்னா யாரும்மா நம்புறா?"

"நான் இங்க கீறேன்னு உனுக்கு எப்டித் தெரியும்?" என்றார் கஜபதி.

"இஸ்கூல்ல கேட்டேன். நீ வேலைல சேர்ந்தப்போ புஸ்தகத்த சரிபாக்க ஃபாக்டரிலேர்ந்து கடுதாசி வந்துச்சாம். ஞாயித்துக்கெயம நம்ம பசங்கள்லாம் ஒண்ணா கூட்றோம்பா. நீ வரணும்."

 ஒருத்தனுக்கே இந்தப் பாடு. அங்கே முப்பது பேர் இருப்பார்கள்.

"கணக்கு வாத்தியார் சைக்கிள்ல காத்த புடுங்கினோமே, ஞாபகம் கீதா?"

"கீது, கீது."

"அதுக்கு முட்டி போட்டமே?"

"ஆமா, ஆமா."

எதைக் கேட்டாலும் தலையாட்டினார் கஜபதி. லட்சுமணன் அவர் நெற்றியைப் பார்த்தார்.

"தழும்பு அப்டியே கீது. வேர்வ பட்டா அரிக்குமே?"

"அதெல்லாம் ஒண்ணியும் இல்ல."

"அரிக்கும்பா" என்றார் லட்சுமணன்.

ராணி சோறு போட்டாள். லட்சுமணன் மெதுவாகச் சாப்பிட்டார். குழாயில் தண்ணீர் எப்போது வரும், பென்ஷன் எவ்வளவு வரும், மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று ஒன்று விடாமல் விசாரித்தார். வீடு வாடகைக்குப் பார்க்க வந்தவர்போல அடுப்படியைக்கூட எட்டிப் பார்த்தார். பிறகு ஃபேனுக்குக் கீழே சுவரில் சாய்ந்து கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். துண்டை மட்டும் அவிழ்க்கவில்லை.

பஸ் ஸ்டாப் வரைக்கும் கஜபதி கூடவே நடந்தார்.  கஜபதிக்குச் சொல்ல முடியாத அலுப்பு. அடுத்தவன் பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் திரும்பிப் பார்த்துத் திரும்பிப் பார்த்துக் கழுத்தே வலித்துப்போயிருந்தது. இனி ஒரு பொய்கூடச் சொல்லத் தெம்பில்லை.

"லட்சுமணா, ஞாயித்துக்கெயம நான் வரல. நான் கஜபதி இல்ல. அவன் புஸ்தகத்த வெச்சித்தான் வேலைக்கு சேந்தேன்." லட்சுமணன் கையைப் பிடித்துக்கொண்டார். "வெளிய சொல்லிடாதபா. பொண்ணு கல்யாணம்."

லட்சுமணன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தை அழுத்தித் துடைத்தார். இடது புருவத்தின் குறுக்கே பழைய வெட்டுத் தழும்பு ஒன்று வேர்வையில் சிவந்திருந்தது. அதை விரலால் லேசாகச் சொறிந்துகொண்டார்.

"தெரியும்பா" என்றார். "ஞாயித்துக்கெயம கூட்டமும் இல்ல, ஒண்ணியும் இல்ல. நான் எப்டி கீறேன்னு பாத்துட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

பூந்தமல்லி பஸ் வந்து நின்றது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படியில் ஏறியவர், திரும்பிப் பார்த்துச் சொன்னார்:

"நல்லாத்தான் கீறேன்."