தவறாமல் வரும் தோழர்

ஒரகடம் தொழிற்பேட்டை இளைஞர் சங்கத்தின் புதன்கிழமைக் கூட்டத்துக்கு ஒரு வாரம் கூடத் தவறாதவர் தோழர் புருஷோத்தமன். அவர் தொழிலாளி வேஷத்தில் வரும் உளவுப் பிரிவுக் காவலர் என்பது அவருடைய இன்ஸ்பெக்டருக்கு மட்டுமே தெரியும் என்பது அவர் நம்பிக்கை.

“தொழிலாளர் ஹாஸ்டல்ல தண்ணியே வர்லியே, இன்னா தோழர் பண்ணப் போறோம்?” என்று ஆழம் பார்த்தார்.

“திங்கக்கிழமை ரோட்டை மறிக்கோம் அண்ணே. ஐயாயிரம் பேரு வாராவ” என்றாள் தலைவி நாச்சியார்.

அறிக்கை அன்றே மேலிடத்துக்குப் பறந்தது. சனிக்கிழமையே ஹாஸ்டல் வாசலில் தண்ணீர் லாரிகள் வரிசைகட்டி நின்றன. மறியல் ரத்தானது.

அடுத்த புதன்கிழமையும் கூட்டத்தில் வழக்கமான ஏழு பேர்தான்.

“அந்த ஐயாயிரம் பேரு எங்க தோழர்?” என்று நாச்சியாரிடம் கேட்டார்.

“அப்படி யாரும் இல்லண்ணே. ரெண்டு வருசமா மனு குடுத்தோம், ஒருத்தரும் படிக்கல. நீங்க எழுதுனா அன்னைக்கே படிச்சிருதாவ.”

புருஷோத்தமன் டீயைக் கீழே வைத்தார். “எப்டிமா கண்டுபுட்ச்சீங்க?”

“வாரா வாரம் ஷிஃப்ட் மாறுத ஊர்ல, எல்லாப் புதன்கிழமையும் சாயங்காலம் ஆறு மணிக்கு டாண்ணு வாரது நீங்க மட்டுந்தான்.”

நாச்சியார் அவரிடம் பேனாவை நீட்டினாள்.

“அடுத்து எங்களுக்கு பஸ் வேணும். எழுதிக்கிடுங்கண்ணே, இந்தத் தடவை பத்தாயிரம் பேரு.”