நாலாவது மதர்போட்

“லப்டொப் திரும்பவும் நிண்டுபோச்சு, வீரகத்தி. கோடாலி பிடிக்கிற மாதிரித் தட்டினா வேற என்ன நடக்கும்?” என்றார் விமலேஸ்வரி அக்கா. புதுக்குடியிருப்பில் எங்கள் நிவாரண அலுவலகத்தின் பொறுப்பாளர் அவர்.

திட்டிக்கொண்டே, வன்னியை விட்டு வெளியே போவதற்கான பாஸுக்குக் கடிதம் எழுதித் தந்தார். வவுனியா ஆஸ்பத்திரியில் கிடந்த என் மனைவி சிவலட்சுமியைப் பார்க்கப் போவதற்குப் பாஸ் கிடைக்கவில்லை. அலுவலக வேலையென்றால் கிடைக்கும்.

வவுனியாவில் வாரண்டி பார்க்கும் கடைக்காரர் மூடியைக் கழற்றிப் பார்த்தார்.

“இது நாலாவது மதர்போட், அண்ணை. உப்புத்தண்ணி பட்டிருக்கு. கடலுக்குள்ள வைச்சோ வேலை செய்யிறியள்?”

“முல்லைத்தீவுக் காத்து அப்படி, தம்பி.”

கொழும்பிலிருந்து புதிய மதர்போட் வர மூன்று நாள் எடுக்கும். வழக்கம்போல மூன்று நாளும் சிவலட்சுமியின் கட்டிலடியில் இருந்தேன். மூன்றாம் நாள் விடிய அவள் போய்விட்டாள்.

காரியங்களை முடித்துத் திரும்பி வந்து, லப்டொப்பை அக்காவின் மேசையில் வைத்தேன்.

“அவா எப்படி இருக்கிறா?”

“போயிட்டா, அக்கா.”

அக்கா தன் மேசை லாச்சியைத் திறந்து, உப்புப் போத்தலை எடுத்துக்கொண்டுபோய்க் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தார்.

அந்த லப்டொப் அதற்குப் பிறகு ஒருநாளும் பழுதாகவில்லை.