புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு

“தண்ணி கலந்து படம் போட ஆரம்பிக்கறவங்களுக்கு என்னென்ன வேணும்? தேவையானதை மட்டும் எடுங்க. கடையைத் தூக்கி என் தலையில கட்டாதீங்க.”

அரியலூர் கடைத்தெருவில் அழகேசனின் பேப்பர்க் கடைக்குள் நுழைந்ததும் கொளஞ்சியம்மாள் பேசிய முதல் பேச்சே இதுதான்.

அழகேசன் பெரிய தகர டப்பா ஒன்றைத் திறந்து காட்டினான். உள்ளே வரிசையாய் வர்ணக் கட்டிகள்.

“யுத்தத்துக்கு முன்னாடி வந்த சரக்குங்க.”

“யுத்தத்துல அடிபட்ட மாதிரிதான் இருக்கு. பாதி வெடிச்சுக் கெடக்கு. இத்தனை எதுக்கு?”

“அப்ப சிவப்பு, மஞ்சள், நீலம் போதுங்க. கலந்தா மத்ததெல்லாம் தானா வந்துடும்.”

“இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?”

பேரனுக்குச் சிலேட்டு வாங்க வந்த ரத்தினம்மாள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். உடையார்பாளையத்தில் இருவருக்கும் எதிரெதிர் வீடு. கொளஞ்சியம்மாளின் ஒரே மகன் பழனிவேல் விஷக் காய்ச்சலில் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை. அந்த வீட்டுக்கு வர்ணமா?

“யாருக்குக்கா இதெல்லாம்?”

“வூட்டுக்குத்தான்.”

“இந்த வயசுலயா!”

கொளஞ்சியம்மாள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிரஷ் ஒன்றை எடுத்து, கடைச் செம்புத் தண்ணீரில் முக்கி உதறினாள். மயிர் நாலு பக்கமும் விறைத்து நின்றது.

“சுண்ணாம்பு அடிக்கவா கேட்டேன்? நனைச்சா நுனி ஊசியாட்டம் கூடணும். வேற எடுங்க.”

அடுத்ததில் நுனி கூடியது. நகத்தின் மேல் ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள். மனசுக்குப் பிடித்துவிட்டது. தன்னையறியாமல் சிரித்தாள்.

ரத்தினம்மாளுக்கு அந்தச் சிரிப்புத்தான் பொறுக்கவில்லை.

“சிரிப்பு வேறயா! பெத்த புள்ளை போன வூடு. வாழ வந்த பொண்ணு பூங்காவனம் மொகத்தைத் தெருவுல யாரும் பாத்தே மாசக்கணக்காச்சு. அதை உள்ளறையில போட்டு வச்சுட்டு நீங்க கலர் பாத்துட்டு நிக்கிறீங்க!”

“பாத்து என்ன பண்ணப் போறே?”

“நாலு வார்த்தை ஆறுதலா சொல்லுவோம்ல?”

“உன் ஆறுதல் எனக்குத் தெரியும்.”

“இன்னைக்கே ஆண்டவர் மாமாகிட்ட சொல்றேன். புடுங்கி அடுப்புல போடுறாரா இல்லையா பாருங்க!”

கொளஞ்சியம்மாளின் கை ஒரு கணம் நின்றது. அவள் புருஷன் ஆண்டவர் போட்டாலும் போடுவார்.

“சொல்லு. அடுப்புல போட்டா அப்புறம் நான் அந்த அடுப்பை மூட்ட மாட்டேன். நாளைக்கு என்ன திம்பாருன்னும் கேட்டுட்டு வா.”

கொளஞ்சியம்மாள் அழகேசன் பக்கம் திரும்பினாள்.

“பேப்பர் காட்டுங்க.”

காட்டியதைத் தொட்டதுமே தள்ளினாள். “தண்ணி பட்டா அப்பளமா சுருளும். கெட்டியா குடுங்க.”

“புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு இது போதாதுங்களா?”

“யார் சொன்னா? பழகினவங்க எதுல வேணாலும் போட்டுடுவாங்க. புதுசா போடறவங்களுக்கு மட்டமானதைக் குடுத்தா, நமக்கு வரலைன்னு ரெண்டாம் நாளே மூலையில வச்சுடுவாங்க. வைக்கக் கூடாது.”

கடைசி வார்த்தையை அவள் அழுத்திச் சொன்னதில், அழகேசன் மறுபேச்சில்லாமல் உள்ளே போய்க் கெட்டிக் காகிதம் கொண்டுவந்தான். பிரஷ், வர்ணக் கட்டிகள், கலக்க ஒரு பீங்கான் தட்டு எல்லாவற்றையும் சேர்த்து வைத்துச் சணலை எடுத்தான்.

“வெள்ளை ஒண்ணு சேத்துக் கட்டிடவாங்க? எல்லாரும் வாங்குவாங்க.”

“வேணாம் தம்பி.” ரத்தினம்மாளைத் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள் கொளஞ்சியம்மாள். “என் மருமவளுக்கு அதை ஊரே கூடிக் குடுத்துடுச்சு.”