மஞ்சள் குழாய்க்கு நேரமில்லை

படகில் ஒற்றைக் காற்றுத் தொட்டியில் குழாய்களை மாட்டினார்கள். முக்குளிப்பவன் வாய்க்குப் போன கறுப்புக் குழாய், அவன் மார்பில் செருகிய ஆபத்துக்கான உபரி மஞ்சள் குழாயைச் சீண்டியது.

"சும்மா சவாரி வருகிறாயே, தம்பி. ஒரு தொட்டிக்கு ஒரு குழாய் போதும். நாளைக்கு உன்னைக் கழற்றிவிடுவார்கள்."

"தொட்டி உன் அப்பன் சொத்தா, அண்ணே?" என்றது மஞ்சள். உள்ளுக்குள் பயம்தான்.

ஆழத்தில், கூடவே முக்குளித்த கூட்டாளியின் தொட்டியில் காற்று தீர்ந்தது. பதறியவன், முக்குளிப்பவன் வாயிலிருந்த கறுப்பைப் பிடுங்கித் தன் வாயில் வைத்துக்கொண்டான். முக்குளிப்பவன் மஞ்சளைக் கவ்வினான். முதல் வேலை; மஞ்சள் திணறவில்லை. இருவரும் பிழைத்து மேலே வந்தார்கள்.

கூட்டாளி வாயிலிருந்து துப்பியதும் கறுப்பு முழங்கியது. "பார்த்தாயா, தம்பி? தனியாளாக இரண்டு உயிரைக் காப்பாற்றினேன்."

மஞ்சளுக்குச் சிரிப்பு வந்தது. பதில் சொல்லத்தான் நேரமில்லை. அலையில் மிதந்த முக்குளிப்பவனுக்கு அது இன்னும் மூச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தது.