கேபிளைப் பொத்திய கைகள்

"அக்கா, உங்க வீட்டுக்காரர் போட்டுவச்ச வேவு ஆப் எதுக்கும் அசைய மாட்டேங்குது. கம்பெனி சாஃப்ட்வேரையே வழிச்சு எடுத்துட்டு வேற போடணும். போட்டோ எல்லாம் போயிடும். பாதியில கேபிள் கழண்டா போனே செத்துடும். போடட்டுமா?" என்கிறான் ரிப்பேர்க்காரன். "போடுப்பா." அவன் போனையும் கம்ப்யூட்டரையும் இணைத்துக் கேபிளைச் சொருகுகிறான். ஆனால் முதலிலேயே நெட்டை அணைக்க மறந்துவிட்டான். அந்த ஆப் சாவதற்கு முன் இந்தக் கடையைப் புருஷனுக்குக் காட்டிக்கொடுத்துவிட்டது. கம்ப்யூட்டர் திரையில் நகரும் பச்சைக் கோடு பாதியைத் தாண்டும்போது கண்ணாடிக் கதவு சுவரில் மோதித் தெறிக்கிறது. உள்ளே பாயும் புருஷன் ரிப்பேர்க்காரனை ஒரே தள்ளில் அலமாரிமேல் சாய்க்கிறான். போன் கவர்கள் பொலபொலவென்று கொட்டுகின்றன. "யாரைக் கேட்டுடி வந்த?" கூந்தலைச் சுருட்டிப் பிடித்து அவள் முகத்தை மேசையில் இடிக்கிறான். குட்டி ஸ்குரூக்கள் துள்ளுகின்றன. மூக்கு ரத்தம் ரப்பர் விரிப்பில் சொட்டுகிறது. அவள் முகத்தை மறைக்கவில்லை. இரண்டு கையாலும் போனையும் கேபிளையும் சேர்த்துப் பொத்திக்கொண்டிருக்கிறாள். அவன் விரல் விரலாகப் பிரிக்கிறான். அவள் அவன் மணிக்கட்டைக் கடிக்கிறாள். ரிப்பேர்க்காரன் எழுந்து பின்னாலிருந்து அவன் கழுத்தை வளைத்து இழுக்கிறான். மூவரும் மூச்சு வாங்குகையில் போன் சின்னதாக ஒலிக்கிறது. வெள்ளைத் திரை புதுக் கடவுச்சொல் கேட்கிறது. ரத்தத்தில் வழுக்கும் கட்டைவிரலால் அவள் எண்களை அழுத்துகிறாள். "என்ன நம்பர்டி போட்ட?" பிடியில் திமிறியபடி அவன் கேட்கிறான். "சொல்லுடி, என்ன நம்பர்?" அவள் முந்தானையால் திரையைத் துடைத்து, போனைப் பூட்டுகிறாள்.