எல்லாருக்கும் பிடித்த வீடு

பாதிக் கன்னத்தில் சோப்பு நுரையோடு பெரியவர் கதவைத் திறந்தார். "வாங்க, வாங்க. செருப்பை அப்படி ஓரமா விடுங்க. ஃபேனைப் போடட்டுமா?"

அம்மா, மனைவி, மருமகள் மூவரையும் முன்னே விட்டுப் பாத்திரக்கடைக்காரர் உள்ளே நுழைந்தார். தரகர் தெருமுனையிலேயே கழன்றுகொண்டிருந்தார். "இன்னொரு பார்ட்டி வருது, கூட்டிட்டு வந்துடறேன். உள்ள ஆளுங்க இருப்பாங்க, கண்டுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனவர்தான்.

இதுவரை பார்த்த வீடுகளில் அம்மாவுக்குப் பிடித்தது மனைவிக்கு ஆகவில்லை. மனைவிக்குப் பிடித்தது மருமகளுக்கு ஆகவில்லை. இந்த மாதத்துக்குள் எல்லாரும் ஒத்துக்கொள்ளும்படி ஒரு வீடு அமையாவிட்டால் தனிக்குடித்தனம்தான் என்று மருமகள் காபி டம்ளரை வைக்கிற சாக்கில் சொல்லிவிட்டாள். இருப்பது ஒரே மகன். அவனும் போய்விட்டால், ஒருவரையொருவர் முறைத்துக்கொள்ளும் இரண்டு பெண்களுக்கு நடுவே இவர் ஒருவர்தான் மிஞ்சுவார்.

கூடத்தில் ஓரகத்திகள் இருவர் ஒரே போர்வையின் இரு முனைகளைப் பிடித்துச் சிரித்தபடி மடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களின் மாமியார் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய மருமகள் ரிமோட்டைக் கேட்டாள். மாமியார் கொடுத்தார்.

"குடுத்துட்டாங்க" என்று கிசுகிசுத்தாள் பாத்திரக்கடைக்காரரின் மனைவி.

"எல்லாம் வீட்டு ராசி" என்றார் அம்மா. "இதையே முடிச்சுடுடா."

மருமகளும் தலையாட்டினாள். மூன்று தலைகளும் ஒரே திசையில் ஆடி அவர் இதற்கு முன் பார்த்ததில்லை. ஆட்டம் நிற்பதற்குள் பேரத்தை முடித்தாக வேண்டும்.

பெரியவர் ஜன்னல் கம்பியில் மாட்டியிருந்த கண்ணாடி முன் சவரத்தைத் தொடர்ந்தார். எந்தச் சுவரிலும் ஓர் ஆணி அடித்த தடம் இல்லை. கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரிதான் வைத்திருந்தார்கள். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்லப் பாத்திரக்கடைக்காரர் என்ன பைத்தியமா? குடத்தைத் தட்டுவதுபோல் சுவரைத் தட்டினார்.

"ஓதம் அடிக்குதே."

"நல்லாவே அடிக்குதுங்க" என்றார் பெரியவர்.

"மாடிப்படி இவ்வளவு செங்குத்தா இருக்கு. எங்கம்மா எப்படி ஏறுவாங்க?"

"ஏற முடியாது. எனக்கே முட்டி கழண்டுபோகுது."

"கீழ ஒரே ஒரு பாத்ரூம்தான் போல."

"அதுக்குத்தான் காலையில வரிசை. சின்ன மருமக பரவாயில்லங்கறா, பெரியவளுக்குப் பிடிக்கவே இல்ல. நான் யார் பக்கம் பேசறது, சொல்லுங்க?"

பாத்திரக்கடைக்காரர் சுவரைத் தட்டுவதை விட்டார். ஓட்டைக் குடத்தைக்கூடக் காற்றோட்டமான குடம் என்று விற்ற பரம்பரை அவருடையது. தன் சரக்கைத் தானே ஒருவர் மட்டம் தட்டினால், அதைக் கொத்திக்கொண்டு போக ஆள் வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். சரியான எமகாதகர்.

"ஓதமும் எனக்கு, படியும் எனக்கு" என்றார். "தரகர் சொன்ன விலைக்கே எடுத்துக்கறேன்." பேரம் பேசாமல் அவர் ஒரு பொருளைக் கேட்டது இதுதான் முதல் தடவை.

பெரியவர் சவரக்கத்தியை நிறுத்தினார். "அந்த விலையா? ரொம்ப ஜாஸ்தியாச்சேங்க."

குத்திக் காட்டுகிறார், இன்னும் ஏற்றிக் கேட்கிறார்! அவருக்கு அப்படித்தான் பட்டது. பின்னால் திரும்பினார். அம்மா கீழறையில் தன் கட்டிலைக் கிழக்கே போடுவதா மேற்கே போடுவதா என்று மருமகளிடம் கேட்டுக்கொண்டிருந்தார். மருமகளிடம்!

"சரிங்க, அதுக்கு மேலயே தர்றேன்" என்று இடுப்புப் பையிலிருந்து முன்பணக் கட்டை எடுத்துப் பெரியவரின் ஈரக் கையில் திணித்தார். "எப்ப காலி பண்ணித் தர்றீங்க?"

பெரியவர் பணத்தையும் அவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"என்கிட்ட ஏங்க குடுக்கறீங்க? போன மழைக்காலத்துல நாங்களும் வீடு பாக்கத்தான் வந்தோம், இன்னும் பாத்துக்கிட்டிருக்கோம்."